250 கிலோ இரும்பைச் சாய்க்க 56 கிலோ போதும்... தெரியுமா?

சுவரில் சாயாது! கூரையில் தொங்காது! வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்காது! ஆறு தூண், சில குறுக்குக் கம்பி, அவ்வளவுதான். அதிலேயே புல்-அப்ஸ் எடுக்கலாம், வளையத்தில் ஆடலாம், கயிறு ஏறலாம், பார்பெல் தூக்கலாம். அதுதான் வெட்டவெளியில் தனித்து நிற்கும் கிராஸ் டிரெய்னிங் ரிக்!

"நாலு பைப்பை வெல்டு அடித்தால் ரிக் ஆகிவிடாதா?" என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். அந்த இரும்புக்குள்ளும் அதன் காலடி மண்ணுக்குள்ளும் எத்தனை அதிசயம் ஒளிந்திருக்கிறது தெரியுமா?

கம்பியில் தொங்கினால் குற்றம்!

கம்பியில் தொங்கியதற்கு ஓர் அரசாங்கமே பயந்தது தெரியுமா? 1811இல் பெர்லின் ஹாசன்ஹைடேயில் ஃப்ரீட்ரிக் லுட்விக் யான் ஒரு திறந்தவெளிப் பயிற்சிக் களம் அமைத்தார். ஒற்றைக் கம்பி, இணைக் கம்பி, ஏறுவதற்குத் தூண் என்று இன்றைய ரிக்கின் முப்பாட்டன் அங்கேதான் நின்றான்! இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். "இது உடற்பயிற்சியா, புரட்சியா?" என்று பிரஷ்ய அரசுக்குச் சந்தேகம். 1819இல் யான் கைது! 1820இல் பயிற்சிக்கே தடை! தடை நீங்கிய ஆண்டு? 1842! புல்-அப்ஸ் எடுக்க 22 வருடம் காத்திருப்பு. நம்ப முடிகிறதா?

மரக்கால், ஒரே நாள், ஆறு பதக்கம்!

ரிக்கில் தொங்கும் கயிறு ஒருகாலத்தில் ஒலிம்பிக் போட்டி! 1896 ஏதென்ஸில் கயிற்றின் நீளம் எவ்வளவு தெரியுமா? 14 மீட்டர்! உச்சியைத் தொட்டவர்கள் இரண்டே பேர்!

இன்னும் கேளுங்கள். 1904, செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக். ஜார்ஜ் ஐசர் என்ற வீரருக்கு இடது கால் மரக்கால். அவர் ஒரே நாளில் வென்றது 6 பதக்கம்! அதில் 3 தங்கம்! அந்த மூன்றில் ஒன்று கயிறு ஏறியதற்கு! இன்றைய ரிக்கில் வழக்கமான கயிறு ஏற்றம் 15 அடிதான். அதாவது நாலரை மீட்டர். அதற்கே நமக்கு மூச்சு வாங்குகிறது!

தூண் நம் ஊரிலும் உண்டு!

மண்ணில் நட்ட ஒற்றை மரத்தூண், உயரம் சுமார் 2.6 மீட்டர். அதில் தலைகீழாகத் தொங்கி ஆசனம் போடுவார்கள். மல்லக்கம்பம்! 12ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னர் மூன்றாம் சோமேஸ்வரர் எழுதிய 'மானசோல்லாச'த்திலேயே இதைப் பற்றிய பேச்சு இருக்கிறது. தமிழ்நாட்டில் மல்லக்கம்பம் என்றதும் முதலில் நினைவுக்கு வரும் ஊர் எது தெரியுமா? விழுப்புரம்!

பண்ணையில் போட்டி, பரிசு 500 டாலர்!

ரிக்குகளை உலகமெங்கும் பரப்பிய கிராஸ்ஃபிட் என்ற உடற்பயிற்சி நிறுவனம், 2000ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவில் கிரெக் கிளாஸ்மேனும் லாரன் ஜெனாயும் தொடங்கியது. 2007இல் முதல் கிராஸ்ஃபிட் கேம்ஸ் எங்கே நடந்தது தெரியுமா? ஆரோமாஸ் என்ற சிற்றூரில், ஒரு பண்ணையில்! வென்றவருக்குப் பரிசு வெறும் 500 டாலர்!

'மர்ஃப்' என்றொரு பயிற்சி உண்டு. 2005இல் ஆப்கானிஸ்தானில் உயிரிழந்த அமெரிக்கக் கடற்படை வீரர் மைக்கேல் மர்ஃபியின் நினைவாக வைத்த பெயர். என்ன செய்ய வேண்டும்? 1 மைல் ஓட்டம், 100 புல்-அப்ஸ், 200 தண்டால், 300 பஸ்கி, மறுபடி 1 மைல் ஓட்டம்! அதுவும் 20 பவுண்டு கவசத்தோடு! இப்படிப் பத்துப் பேர் வரிசையாக வந்தால் அந்தக் கம்பி ஒரே நாளில் தாங்குவது ஆயிரம் புல்-அப்ஸ்! அப்படியானால் கம்பி எப்படி இருக்க வேண்டும்?

எண் குறைந்தால் தடிமன் கூடும்!

கடையில் "14 கேஜ் பைப், 11 கேஜ் பைப்" என்பார்கள். எது தடிமன்? 14 என்றுதானே சொல்லத் தோன்றுகிறது? தப்பு! கேஜ் கணக்கே தலைகீழ்! 14 கேஜ் என்றால் ஏறத்தாழ 2 மி.மீ., 11 கேஜ் ஏறத்தாழ 3 மி.மீ., 7 கேஜ் ஏறத்தாழ 4.5 மி.மீ. நல்ல ரிக்குகளில் பரவலாக இருப்பது 3 அங்குலச் சதுரப் பைப், 11 கேஜ். பெரிய எண்ணைக் கேட்டு ஏமாறாதீர்கள். மி.மீ. கணக்கில் கேளுங்கள்!

உள்ளே ஒன்றுமில்லை, விறைப்பு 12 மடங்கு!

முழு இரும்புக் கம்பி பலமா, உள்ளீடற்ற பைப் பலமா? ஒரே எடை இரும்பு எடுத்துக்கொள்வோம். அதைத் திரட்டிச் சதுரக் கம்பியாக்கினால் பக்கம் 29 மி.மீ.தான் வரும். அதே இரும்பை 75 மி.மீ. சதுரப் பைப்பாக, 3 மி.மீ. தடிமனில் செய்தால்? வளையாமல் நிற்கும் திறன் 12 மடங்கு! ஒரு குண்டூசி கூடக் கூடுதல் இரும்பு கிடையாது!

எடையைப் பாருங்கள். அந்தப் பைப்பில் 3 மீட்டர் தூண் சுமார் 20 கிலோ. அதே 75 மி.மீ. அளவில் முழு இரும்பாக இருந்தால்? 132 கிலோ! தூக்கி நிறுத்தவே கிரேன் கூப்பிட வேண்டியதுதான்!

நீளம் இரண்டு மடங்கு, தொய்வு எட்டு மடங்கு!

"இரண்டு தூணுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டினால் ஒரு தூண் மிச்சம்" என்று கணக்குப் போடுகிறீர்களா? உஷார்! அதே கம்பி, அதே ஆள். இடைவெளி மட்டும் இரண்டு மடங்கு. கம்பி எவ்வளவு தொய்யும் தெரியுமா? 8 மடங்கு! 4 அடியை 6 அடி ஆக்கினாலே மூன்று மடங்குக்கு மேல்!

ஆறடியில் பார்பெல் நிற்காது!

ஆண்களுக்கான ஒலிம்பிக் பார்பெல்லின் நீளம் 2.2 மீட்டர். ஆனால் எடைத்தட்டு மாட்டும் இரு முனைகளுக்கு நடுவே இருப்பது 1.31 மீட்டர்தான்! அந்த அளவுக்குள் இரண்டு தூணும் வந்தால்தான் பார்பெல் கொக்கியில் உட்காரும். 4 அடி இடைவெளியில் ஜம்மென்று உட்காரும். 6 அடியில்? கைப்பிடிப் பகுதி தூணை எட்டாது, எடைத்தட்டு மாட்டும் முனைதான் கொக்கியில் விழும்!

"அப்படியானால் எல்லாவற்றையும் 4 அடியாகவே போடலாமே?" அதிலும் சிக்கல்! 4 அடி இடைவெளியில் வைத்த பார்பெல், இரண்டு பக்கமும் சுமார் அரை மீட்டர் நீட்டிக்கொண்டு நிற்கும். பக்கத்துக் கட்டத்திலும் ஒரு பார்பெல் இருந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும்! அதனால்தான் பல ரிக்குகளில் 4 அடி, 6 அடி, 4 அடி என்று மாறி மாறி வருகிறது. கவனித்திருக்கிறீர்களா?

28 மில்லிமீட்டர் ரகசியம்!

ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸ் ஒற்றைக் கம்பியின் விட்டம் எவ்வளவு? 28 மி.மீ.! வளையத்தின் பிடி? அதுவும் 28 மி.மீ.! ஆண்கள் தூக்கும் பார்பெல்? மறுபடியும் 28 மி.மீ.! பெண்கள் பார்பெல் மட்டும் 25 மி.மீ. ரிக்கின் புல்-அப் கம்பி இவற்றைவிடச் சற்றுத் தடிமன். வழக்கமாக 32 மி.மீ. அருகில். சில மில்லிமீட்டர் ஏறினாலும் முன்கை எரியும்! வாங்கும் முன் ஒரு நிமிடம் தொங்கிப் பாருங்கள், கை சொல்லிவிடும்!

ஆடினால் எடை மூன்று மடங்கு!

நீங்கள் 70 கிலோவா? சும்மா தொங்கும்வரை கம்பிக்கும் 70 கிலோதான். உடல் கிடைமட்டமாக வரும்வரை எழும்பி, அங்கிருந்து ஊஞ்சலாகக் கீழே இறங்கினால்? அடிமட்டத்தைக் கடக்கும் கணத்தில் கம்பி தாங்குவது 210 கிலோ! எளிய ஊசலாக வைத்துப் போடும் இயற்பியல் கணக்குப்படி மூன்று மடங்கு! நாலு பேர் ஒரே நேரத்தில் ஆடினால் 840 கிலோ! "எத்தனை கிலோ தாங்கும்?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "ஆடினால் எத்தனை கிலோ தாங்கும்?" என்று கேளுங்கள்!

56 கிலோவில் கவிழும்!

தலைப்புக்கு வந்துவிட்டோம்! உயரம் 3 மீட்டர், அகலம் 1.2 மீட்டர், எடை 250 கிலோ. இப்படியொரு ரிக்கைத் தரையில் பிணைக்காமல் அப்படியே நிறுத்துகிறோம். கம்பி 2.7 மீட்டர் உயரத்தில். அங்கே பக்கவாட்டில் எவ்வளவு விசை கொடுத்தால் கவிழும்? வெறும் 56 கிலோ! உயரம் என்ற நெம்புகோல் செய்யும் வேலை!

சரி, 56 கிலோவுக்கு எங்கே போவது? தூரம் போக வேண்டாம். ஓரக் கம்பியில் 45 டிகிரிக்கு ஆடும் 70 கிலோ ஆள், வெளிப்பக்கமாக 42 கிலோ வரை இழுக்கிறார். இருவர் சேர்ந்து ஆடினால் 84! ரிக் அம்பேல்! அகலத்தை 1.8 மீட்டர் ஆக்கினால்? அப்போதும் 83 கிலோ தான் எல்லை! 'தனித்து நிற்கும் ரிக்' என்றால் சுவர் வேண்டாம் என்றுதான் பொருள். தரையில் பிணைக்க வேண்டாம் என்று பொருளே இல்லை!

மேலே 250, கீழே 1,380!

அப்படியானால் எதில் பிணைப்பது? கான்கிரீட்டில்! ஒரு தூணுக்கு 40 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 60 செ.மீ. ஆழம் என்று குழி எடுத்துக் கான்கிரீட் நிரப்பினால் அதன் எடை 230 கிலோ! ஆறு தூணுக்கு? 1,380 கிலோ! கண்ணுக்குத் தெரியும் ரிக்கைவிடத் தெரியாத ரிக் ஐந்து மடங்கு கனம்! மண் இளகியதென்றால் குழி இன்னும் பெரிதாகும்.

கான்கிரீட் காய்வதில்லை!

கான்கிரீட் காய்ந்துதான் இறுகுகிறது என்று நினைக்கிறீர்களா? இல்லவே இல்லை! சிமென்ட் தண்ணீரோடு வேதிவினை புரிந்து இறுகுகிறது. தண்ணீருக்கு அடியில்கூட இறுகும்! வெயிலில் சட்டென்று காயவிட்டால் பலம் போச்சு! அதனால்தான் கொத்தனார் சாக்கைப் போர்த்தித் தண்ணீர் விடுகிறார். இந்தியத் தரவிதி சாதாரண சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள் நீராற்றச் சொல்கிறது. 'எம்-20', 'எம்-25' என்கிற பலக் கணக்கு எத்தனையாவது நாளுக்குரியது தெரியுமா? 28ஆவது நாள்! இன்று கான்கிரீட் போட்டு நாளையே தொங்க ஆசைப்படுகிறீர்களா? வேண்டாமே!

அடியில் 1 மி.மீ., உச்சியில் 20 மி.மீ.!

தூணின் அடித்தகடு 150 மி.மீ. அகலம். அதன் ஒரு ஓரத்துக்கு அடியில் 1 மி.மீ. மணல் துணுக்கு சிக்கிக்கொண்டது என்று வையுங்கள். 3 மீட்டர் தூணின் உச்சி எவ்வளவு விலகும்? 20 மி.மீ.! மேல் கம்பியின் போல்ட் துளை அப்புறம் எப்படிச் சேரும்? தகட்டுக்கு அடியில் கூட்டிப் பெருக்கி, ரசமட்டம் வைத்து, தூக்குக்குண்டு விட்டுப் பார்த்த பிறகுதான் போல்ட்டை முடுக்க வேண்டும்.

மூலை சரியாக இருக்கிறதா என்று பார்க்க விலையுயர்ந்த கருவி வேண்டுமா? ஒரு டேப் போதும்! ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்துக்கொள்ளுங்கள். குறுக்கே 5 அடி வந்தால் மூலை மட்டம் சரி!

தூசு ஊதாவிட்டால் எல்லாம் வீண்!

இறுகிய கான்கிரீட்டில் துளை போட்டு, ரசாயனப் பசை ஊற்றி ஆங்கர் போல்ட் நடுவதும் உண்டு. துளைக்குள் தூசு மிச்சமிருந்தால் என்ன ஆகும்? பசை பிடிப்பது கான்கிரீட்டை அல்ல, தூசை! அதனால் முதலில் ஊது, பிறகு பிரஷ் போட்டுத் தேய், மறுபடி ஊது! சில நிமிட வேலைதான். மொத்த ரிக்கின் பிடிமானமும் அந்தச் சில நிமிடத்தில்தான்!

ஒரு போல்ட், மூன்று யானை!

போல்ட்டின் தலையில் '8.8' என்று பொறித்திருக்கிறதே, அது விலையா, அளவா? இரண்டும் இல்லை! முதல் 8 என்றால் ஒரு சதுர மி.மீ.க்கு 800 நியூட்டன் வரை அறாது. புள்ளிக்குப் பின் வரும் 8 என்றால் அந்தப் பலத்தில் 80 சதவீதம் வரை நிரந்தரமாக நீளாது. 16 மி.மீ. போல்ட் ஒன்று அறுபட ஏறத்தாழ 12.8 டன் இழுவிசை வேண்டும்! மூன்று ஆண் யானைகளின் எடை! தலையில் எண்ணே இல்லாத மொட்டை போல்ட்டைக் கொடுத்தால்? கும்பிடு போட்டுத் திருப்பிக் கொடுங்கள்!

450 டிகிரி குளியல்!

வெட்டவெளி ரிக்குக்குப் பெயின்ட் மட்டும் போதுமா? போதாது! உருகிய துத்தநாகத்தில் முழுக்காட்ட வேண்டும். அதுதான் ஹாட் டிப் கால்வனைசிங். தொட்டியின் சூடு எவ்வளவு தெரியுமா? சுமார் 450 டிகிரி செல்சியஸ்! இதில் ஓர் ஆபத்தும் உண்டு. இரு முனையும் அடைத்த பைப்புக்குள் கொஞ்சம் ஈரம் இருந்தாலும் அது ஆவியாகிப் பைப்பே வெடிக்கும்! அதனால்தான் பைப்பில் சிறு துளைகள் விடுகிறார்கள். அது தயாரிப்புக் குறை அல்ல, உயிர் காக்கும் ஓட்டை!

துத்தநாகத்தின் தியாகத்தைக் கேளுங்கள். பூச்சில் கீறல் விழுந்து இரும்பு வெளியே தெரிந்தால், துத்தநாகம் முதலில் தன்னையே அரிக்கக் கொடுத்து இரும்பைக் காப்பாற்றுகிறது!

அதே பூச்சு: அங்கே 33 ஆண்டு, இங்கே 8!

3 முதல் 6 மி.மீ. தடிமன் இரும்புக்கு உலகத் தரவிதி கேட்கும் துத்தநாகப் பூச்சு சராசரி 70 மைக்ரான். எத்தனை வருடம் வரும்? இடத்தைப் பொறுத்தது! நடுத்தரமாக அரிக்கும் காற்றில் ஆண்டுக்கு 0.7 முதல் 2.1 மைக்ரான் வரை கரையும். ஆக, குறைந்தது 33 ஆண்டு! உப்புக் காற்று அடிக்கும் கடலோரத்தில்? 4.2 முதல் 8.4 மைக்ரான்! எட்டே ஆண்டில்கூடக் காலி!

கடற்காற்றின் பல்லைப் பார்க்க வேண்டுமா? பாம்பனுக்குப் போங்கள். 1914இல் திறந்த பாலத்துக்குப் பதிலாக 2025இல் வந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்சேன் பூச்சும்! கடலோர வீடா? 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் விலை கேட்டுப் பாருங்கள். அதில் கலந்திருக்கும் மாலிப்டினம்தான் உப்போடு மல்லுக்கட்டும் வீரன்!

ரிக் வெயிலில் வளரும்!

6 மீட்டர் நீள ரிக் ஒன்று. அதிகாலைக் குளிருக்கும் உச்சி வெயிலுக்கும் நடுவே இரும்பின் சூடு 40 டிகிரி ஏறினால் அதன் நீளம் கூடுவது ஏறத்தாழ 3 மி.மீ.! மாலையில் மறுபடி பழைய அளவு! தினமும் இந்தக் கூத்து நடக்கிறது! நிறத்தையும் யோசியுங்கள். கறுப்பு பெயின்ட் தன்மேல் விழும் வெயிலில் 90 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சிக்கொள்ளும். மதியம் கம்பியைத் தொட்டால் கை சுளீர்! வெளிர் நிறமே மேல்!

மணிக்கு 34 கி.மீ. வேகத்தில் தரை!

கயிற்றின் உச்சி, நாலரை மீட்டர் உயரம். அங்கிருந்து விழும் எதுவும் தரை தொடும்போது வேகம் என்ன? மணிக்கு 34 கி.மீ.! 1 மீட்டரிலிருந்து விழுந்தாலே 16 கி.மீ.! கீழே கான்கிரீட்டா இருக்க வேண்டும்? ஐரோப்பிய விளையாட்டுத்திடல் விதி, 3 மீட்டர் வரையிலான வீழ்ச்சிக்கு 30 செ.மீ. மணல் கேட்கிறது. அதோடு கூடுதலாக இன்னும் 10 செ.மீ.! ஏன்? காலால் மிதிபட்டு மணல் விலகிவிடுமே! அந்த மணலிலும் களிமண் கலக்கக் கூடாது, கலந்தால் கெட்டியாகிவிடும்!

89க்கும் 230க்கும் நடுவே ஆபத்து!

ஏணிப் படி போன்ற இடைவெளிகளில் குழந்தையின் தலை சிக்குவது எந்த அளவில் தெரியுமா? 89 மி.மீ.க்கும் 230 மி.மீ.க்கும் நடுவே! அதற்குக் குறைந்தால் உடல் நுழையாது. கூடினால் தலையும் வெளியே வந்துவிடும். நடுவில் இருந்தால்தான் உடல் நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும்! குழந்தைகள் ஓடியாடும் வீடா? டேப்போடு போய் அளந்து பாருங்கள்!

இன்னொன்று! வெளிப்புற உடற்பயிற்சிக் கருவிகளுக்கென்றே ஐரோப்பாவில் 2015இல் ஒரு தரவிதி வந்தது, எண் 16630. அது எந்த உயரத்தினருக்கு தெரியுமா? 140 செ.மீ.க்கு மேல்! வயதை மட்டும் பார்ப்பதில்லை, உயரத்தையும் பார்க்கிறது!

வாங்கப் போகிறீர்களா? ஏழே கேள்வி!

1. பைப்பின் தடிமன் மி.மீ. கணக்கில் எவ்வளவு?
2. 4 அடிக் கட்டம் எத்தனை, 6 அடிக் கட்டம் எத்தனை?
3. ஆட்டத்தோடு சேர்த்து எவ்வளவு எடை தாங்கும்?
4. துத்தநாகப் பூச்சு எத்தனை மைக்ரான்?
5. போல்ட் தலையில் என்ன எண்?
6. அடித்தளம் எவ்வளவு ஆழம், எத்தனை நாள் நீராற்றுவீர்கள்?
7. போல்ட்டை மறுபடி முடுக்க எப்போது வருவீர்கள்?

ஏழாவது கேள்வி ஏன் தெரியுமா? 1969இல் கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் ஒரு விநோதத்தை நிரூபித்தார். நேராக இழுத்தால் அசையாத போல்ட், பக்கவாட்டில் தொடர்ந்து குலுக்கினால் தானாகவே கழன்றுகொள்கிறது! கை படாமலே! ரிக்கில் ஆடுகிறவர்கள் தினமும் செய்வது அந்தக் குலுக்கலைத்தானே? இந்தக் கேள்விக்குக் கடைக்காரர் தேதி சொன்னால் முன்பணம் கொடுங்கள். திருதிருவென்று முழித்தால்... அடுத்த கடை!